போகும், போகாது

ஆர்ச்சி இம்லாக் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவன் பேருந்தில் போனவர்கள் மட்டும்தான். வண்டி ஓடுகிறவரை உட்கார்ந்திருப்பான். காலையில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் அவனும் இறங்கிவிடுவான். மாலை மணி அடிக்கிறவரை கால் தரிக்காது. டயரை உதைப்பான். கண்ணாடியைத் துடைப்பான், துடைத்ததையே மறுபடி துடைப்பான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் போய் நின்று ஆரிக் மலையின் தோளைப் பார்ப்பான். என் அலுவலக ஜன்னலுக்கு வெளியே அவன் தொப்பி இடமிருந்து வலமாகப் போகும். கொஞ்ச நேரத்தில் வலமிருந்து இடமாக.

"ஆர்ச்சி, ஒரு இடத்துல நில்லு. எனக்குத் தலை சுத்துது."

"நீ ஜன்னலைப் பாக்காம வேலையைப் பாரு, இஷ்பெல். சம்பளம் அதுக்குத்தான தர்றாங்க."

அவனும் நானும் இதே டல்வென்னி அகாடமியில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் படித்து முடித்து சில வருஷங்களில் இதன் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தேன். அவன் முடிக்கவில்லை. மீன்பிடிப் படகில் போனான். காட்டில் மரம் வெட்டினான். எண்ணெய் எடுக்கும் கடல்மேடையில் நல்ல சம்பளம். நடக்க இடமில்லை என்று விட்டுவிட்டு வந்தான். விஸ்கி வடிக்கும் ஆலையின் கிடங்கில் கொஞ்ச காலம் இருந்தான். அசையாமல் கிடக்கிற பீப்பாய்களை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது மனுஷன் செய்கிற வேலையா என்று கேட்டான். கடைசியில் பள்ளிப் பேருந்து. அது நகர்கிற வேலை என்பதால் அதில் நிலைத்தான் என்று நினைக்கிறேன். ஆரிக் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் அவன் வீடு. இரவில் பேருந்து அவன் வீட்டு வாசலிலேயே நிற்கும். காலையில் மேலிருந்து ஒவ்வொரு பண்ணை வாசலிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்கு இறங்குவான், மாலையில் ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டே ஏறுவான்.

"சாப்பிடும்போது அவருக்கு நாற்காலி போடறதே வீண்" என்பாள் அவன் மனைவி எஃபி. "ஜன்னல் விளிம்புல தட்டை வச்சுட்டா வந்து வந்து தின்னுட்டுப் போவாரு. கோழி மாதிரி."

குளிர்காலத்தில் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்தாக்கிலிருந்து வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊருக்குள் ஒரு பனி வீடு இருக்க வேண்டும். நடுப்பகலில் பனி பிடித்துக்கொண்டு பேருந்து மேலே ஏற முடியாமல் போனால் பிள்ளை அன்றிரவு அந்த வீட்டில் தங்கும். ஓய்வுபெற்ற மருத்துவச்சி, ரொட்டிக் கடைக்காரி, போதகர் வீடு என்று யாராவது ஒருவர். பள்ளி திறந்ததுமே அவர்களிடம் நான் கேட்டு வைத்துவிடுவேன். சில வருஷம் ஒரு பிள்ளைகூடப் போகாது. சில வருஷம் ஒரே வாரத்தில் மூன்று தடவை.

பேருந்து போகுமா போகாதா என்று சொல்வது தலைமை ஆசிரியர் அல்ல. ஓட்டுநர்தான் சொல்ல வேண்டும். ஆர்ச்சிக்கு முன்னால் ஓட்டியவரும் அப்படித்தான் சொன்னார், அவருக்கு முன்னால் இருந்தவரும். எங்கும் எழுதி வைத்ததில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சூப் ஊற்றி முடிக்கிற நேரத்தில் ஆர்ச்சி என் கதவுக்கு வருவான். உள்ளே வர மாட்டான். நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வான். போகும், இல்லாவிட்டால் போகாது. போகாது என்றால் நான் தொலைபேசியை எடுத்து பனி வீடுகளைக் கூப்பிடத் தொடங்குவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதம்வரை.

அன்று காலையிலிருந்து கீழைக்காற்று. ஆடுகள் தாமாகவே மலையிறங்கி கல்சுவரின் ஓரமாக ஒண்டிவிட்டன என்று ஆர்ச்சி சொன்னான். மலையின் தோள் தெரியவில்லை. பத்து தடவையாவது கூடத்துக்குப் பின்னால் போய் வந்திருப்பான். சூப் முடிவதற்கு முன்பே கதவுக்கு வந்தான்.

"போகாது."

நான் எல்லாரையும் கூப்பிட்டேன். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பாதிப் பேருக்கு மகிழ்ச்சி. ஊரில் தங்கினால் வறுவல் கடைக்குப் போகலாம்.

கடைசி வகுப்பு நடக்கும்போது காற்று நின்றது. மேகம் விலகியது. அப்படி ஒரு வெயிலை அந்த வருஷத்தில் அதுவரை நாங்கள் பார்த்திருக்கவில்லை. ரொட்டிக் கடைக்காரி கதவைத் திறந்துவைத்து நாற்காலியை வெளியே போட்டாள். பையன்கள் மேல்கோட்டுகளைக் கழற்றி அடையாளத்துக்கு வைத்துவிட்டுப் பந்து விளையாடினார்கள். அது ஆடுகள் குட்டி போடுகிற காலம், பண்ணைகளில் ஒவ்வொரு கையும் வேண்டும். தகப்பன்மார் தாங்களே வண்டியெடுத்துக்கொண்டு பிள்ளைகளை அழைக்க இறங்கி வந்தார்கள். நீல் மக்ஹார்டி, பள்ளத்தாக்கின் மேல்பக்கத்துப் பண்ணைக்காரர், சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையை ஜன்னலில் வைத்தபடி வந்தார். வாசலில் நின்ற ஆர்ச்சிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

"இந்தப் புயல்ல எப்படி உயிரோட வந்து சேந்தேன்னு எனக்கே தெரியல, ஆர்ச்சி."

ஆர்ச்சி தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

மகள் ரோவனை அழைக்க நீல் இறங்கி வந்த அந்த நேரத்தில் பண்ணையில் இரண்டு குட்டிகள் செத்திருந்தன. அது அவருக்கு அப்போது தெரியாது. பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

ஊருக்கு அது போதும். ஜூன் மாதத்தில் கசாப்புக் கடைக்காரர் கொத்துக்கறியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வெளிய நல்லா காயுதே. இன்னைக்கு வண்டி போகுமா ஆர்ச்சி, போகாதா?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து அவனுக்காகவே சிரித்தார்கள். ரொட்டிக் கடைக்காரி, அன்றைக்குத் தன் வீட்டில் தங்க வேண்டிய பிள்ளைக்காக வைத்த சூப்பை நாய்தான் குடித்தது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு தடவை சொன்னாள். பிள்ளைகள் கரும்பலகையில் குடை பிடித்த ஒரு ஆளை வரைந்து, மேலே பெரிய சூரியனைப் போட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. டல்வென்னியில் ஒருவரைப் பிடிக்காவிட்டால் அவரோடு பேச மாட்டார்கள். பிடித்தவரைத்தான் விடாமல் கிண்டல் செய்வார்கள். ஆர்ச்சியும் சிரித்துவிட்டுப் போவான். ஆனால் கசாப்புக் கடைக்கு அவனுக்குப் பதிலாக எஃபி வர ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த வாரம் தலைமை ஆசிரியர் லெயிட்லா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான்.

"உக்காருங்க, ஆர்ச்சி."

"நிக்கறேன்."

"மாவட்ட அலுவலகத்துல கேக்கறாங்க. ஒரு புகார் போயிருக்கு. யாருன்னு சொல்ல மாட்டேன்."

"நீல்."

"நான் சொல்லல. இன்னொரு தடவை இப்படி ஆனா முடிவை அவங்களே எடுத்துக்குவாங்களாம். வானிலைக்காரங்க சொல்றதை வச்சு நகரத்துலேருந்து சொல்லுவாங்க. நானும் உங்களுக்காகப் பேசிப் பாத்தேன். பண்ணைக்காரங்களுக்கும் நஷ்டம் ஆகுது இல்லையா?"

"ஆகுது."

"அதனால கொஞ்சம் யோசிச்சு…"

"யோசிக்காமலா சொல்றேன்?"

லெயிட்லா நல்ல மனிதர். "சரி, பாத்துக்குங்க" என்றார். ஆர்ச்சி வெளியே வந்து என் மேசையில் இருந்த காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"இன்னொரு தடவையாம், இஷ்பெல்."

"கேட்டுச்சு."

"அது போச்சுன்னா நான் வெறும் டிரைவர்."

"இப்ப மட்டும் என்ன, பிரபுவா?"

அவன் சிரிக்கவில்லை. அந்தச் சொல் தன்னிடம் இருப்பது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் எந்த வேலையிலும் கேட்டதைத்தான் செய்திருக்கிறான். இங்கு மட்டும்தான் ஒரு பள்ளிக்கூடமே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்தக் குளிர்காலம் டிசம்பரில் ஒரு தடவை, ஜனவரியில் இரண்டு தடவை போகாது என்றான். மூன்று தடவையும் வாசலே தெரியாத அளவுக்குப் பனி. அதைச் சொல்ல யாரும் தேவையில்லை. பயப்பட வேண்டியது தெளிவில்லாத நாளுக்குத்தான்.

பிப்ரவரியில் அது வந்தது. காலையில் வானம் சாம்பல் நிறம், ஆனால் மேலே உயரத்தில். பனி விழத் தொடங்கியது. பெரிய பூப்போல இல்லை, உப்புத் தூள்போல, பக்கவாட்டில். விழுந்ததும் காற்று கூட்டிக்கொண்டு போனது. தரை கருப்பாகவே இருந்தது. என் ஜன்னலில் தொப்பி போய் வந்தது. அடிக்கடி வந்தது. ஒரு தடவை வந்து நடுவில் நின்றது, பிறகு வந்த வழியே போயிற்று. எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே கடிதத்தை இரண்டு தடவை தட்டச்சு செய்தேன்.

சூப் முடிகிற நேரம் நான் தொலைபேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆர்ச்சி வந்தான். நிலையைப் பிடிக்கவில்லை. நேராக உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றான். தோளில் பனித்தூள் இருந்தது.

"நீ என்ன நினைக்கிற?"

அவன் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"என்னை ஏன் கேக்கற? நான் எங்க மலையைப் பாக்கறேன், உன் தொப்பியைத்தான் பாக்கறேன்."

"தரை கருப்பாத்தான் இருக்கு."

"ஆமா."

"கீழ கருப்பு. மேல என்னன்னு தெரியல."

கதவு திறந்தபடி இருந்தது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு குரல் கத்தியது: "ஆர்ச்சி! வெயில் கண்ணைக் கூசுதா?" நடைவழி முழுக்கச் சிரிப்பு. இன்னொரு குரல், "குடை எடுத்துட்டு வரட்டுமா?" தரையைத் துடைத்துக்கொண்டிருந்த காவலாளிகூடத் துடைப்பத்தில் சாய்ந்து சிரித்தார்.

ஆர்ச்சி திரும்பிப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தான்.

"போகும்" என்றான்.

நான் அதைக் கீழே வைத்தேன்.

மணி அடித்ததும் பேருந்து கிளம்பியது. கருப்புச் சாலையில் அது வளைவு திரும்புகிறவரை பார்த்தேன். அரை மணி கழித்து ஊருக்குள்ளும் பனி பிடித்துக்கொண்டது. சாலையின் எதிர்ப்பக்கம் மறைந்துவிட்டது. லெயிட்லா வீட்டுக்குப் போகாமல் என் அறைக்கு வந்து நின்றார். எஃபிக்குத் தொலைபேசி செய்தேன். இன்னும் வரவில்லை என்றாள். தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. மறுபடி செய்தேன். இன்னும் இல்லை. "நீ சும்மா சும்மா அடிக்காத, அவர் அடிச்சா லைன் கிடைக்காது" என்றாள் எஃபி. லெயிட்லா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். ஆர்ச்சியைப் போலவே நடக்கிறார் என்று நினைத்தேன். பிறகு எஃபியே கூப்பிட்டாள். வந்துவிட்டான். எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வீட்டில்.

மறுநாள் காலை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. பனி வாரும் வண்டி முன்னால் வர, பேருந்து நேரத்துக்கு வந்து நின்றது. லெயிட்லா வாசலுக்கே போய் ஆர்ச்சியின் கையைக் குலுக்கினார். காவலாளி சல்யூட் அடித்தார். "நேத்து நீ போகாதுன்னு சொல்லுவேன்னு ஒரு பவுண்டு பந்தயம் கட்டினேன்யா, தோத்துட்டேன்" என்றார். ஊர் முழுக்க அவனை ஒரே நாளில் மன்னித்துவிட்டது.

முதல் வகுப்பு முடிந்ததும் ரோவன் மக்ஹார்டி என் மேசைக்கு வந்தாள். கையுறை தொலைந்துவிட்டதாம், யாராவது கொடுத்தார்களா என்று கேட்டாள். கூட ஒரு தோழி. பள்ளத்தாக்கில் கடைசியாக இறங்குகிற பிள்ளை ரோவன்தான். அவள் வாசலுக்கு அப்புறம் ஆர்ச்சியின் வீடு மட்டும்தான்.

"நேத்து ஒரே காமெடி, மிஸ்" என்றாள். "ஆர்ச்சி தலையை வெளிய நீட்டிட்டே ஓட்டுனாரு. எங்க நாய் வண்டியில வர்ற மாதிரி."

"ஏன்?"

"முன் கண்ணாடியில ஒண்ணுமே தெரியலயாம். வெள்ளையா இருந்துச்சு, எல்லாமே. ஓரத்துல நட்டிருக்கற கம்பத்தைப் பாத்துப் பாத்துப் போனாரு. ஒரு கம்பம் வரும், நிப்பாரு. அப்புறம் அடுத்தது தெரியறவரைக்கும் மெதுவா. நான் சிப்ஸ் தின்னுட்டு இயற்பியல் டெஸ்ட்டைப் பத்திப் பேசிட்டே இருந்தேன். போரடிக்குதா ஆர்ச்சின்னு கேட்டேன். இல்ல, பேசு, நிறுத்தாதன்னாரு."

தோழி சிரித்தாள். "உன் இயற்பியலைக் கேட்ட ஒரே ஆளு."

"ஒரு இடத்துல பின்சக்கரம் நழுவுச்சு, மிஸ். ஓடைப் பக்கமா. ஜாலியா இருந்துச்சு. நான் விசிலடிச்சேன். வீட்டு வாசல்ல இறக்கிவிட்டப்போ புருவமெல்லாம் வெள்ளை, தாத்தா மாதிரி. அப்பா உள்ள வந்து டீ குடின்னு கூப்பிட்டாரு. ஆர்ச்சி இறங்கல. இஞ்சினை நிறுத்தாம அப்படியே இருந்தாரு, ரொம்ப நேரம். அப்பா ஜன்னல்லேருந்து பாத்துட்டே இருந்தாரு."

கையுறை என்னிடம் இல்லை. வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

அவள் போய்ச் சற்று நேரத்தில் ஆர்ச்சி என் அறையைத் தாண்டி லெயிட்லாவின் கதவைத் தட்டினான். கதவைச் சாத்தவில்லை.

"அந்த வேலை வேண்டாம்" என்றான்.

"எது? பேருந்தா?" லெயிட்லா எழுந்துவிட்டார்.

"பேருந்தை ஓட்டறேன். போகும், போகாதுன்னு சொல்றது. அதை நகரத்துக்கே குடுத்துடுங்க."

"ஆர்ச்சி, நேத்து நீங்க சொன்னது சரியாத்தானே போச்சு! இன்னைக்கே அவங்களுக்கு எழுதப் போறேன், இனி யாரும் உங்களைக் கேக்க முடியாதுன்னு."

"சரியாப் போச்சு. நான் சரியா சொல்லல."

"புரியல."

"காலையிலேருந்து என் வாயில போகாதுன்னுதான் இருந்துச்சு. இஷ்பெல் கதவு வரைக்கும் அதோடதான் வந்தேன். பசங்க சிரிச்சாங்க. மாத்திட்டேன்."

"பசங்க சிரிச்சதுக்கா?"

"பசங்க மட்டுமா? கசாப்புக் கடையில, ரொட்டிக் கடையில, எங்க போனாலும். ஒரு வருஷமா சிரிக்கறாங்க. நான் மலையைப் பாக்கப் போறப்ப எல்லாம் அதுவும் கூடவே வருது. மலை தெரியல, சிரிப்புதான் கேக்குது." தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "அந்தப் பொண்ணு பின்னால சிப்ஸ் தின்னுட்டிருந்தா. சக்கரம் நழுவினப்ப விசிலடிக்கறா."

லெயிட்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அடுத்த தடவை மாத்தாம சொல்லுங்க."

"அடுத்த தடவையும் சிரிப்பாங்க இல்ல?"

"அப்ப யாருதான் சொல்றது?"

"இன்னும் யாரும் பாத்துச் சிரிக்காத ஆளு யாராவது."

லெயிட்லா திறந்த கதவு வழியாக என்னைப் பார்த்தார். "அப்படி ஒருத்தர் டல்வென்னியில கிடையாது, சார்" என்றேன்.

அவர் அன்று எழுதவில்லை. ஒரு வாரம் பார்த்தார். அந்த வாரத்தில் விஷயம் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. சனிக்கிழமை நீல் மக்ஹார்டி ஆர்ச்சியின் வீட்டுக்கே போய்விட்டார். எஃபி எனக்குச் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா ஆர்ச்சி? எவனோ நகரத்துல உக்காந்துட்டு சொல்லி எம்பொண்ணு வீடு வரணுமா?"

"நீதான புகார் பண்ணின?"

"கோவத்துல பண்ணினேன். ரெண்டு குட்டி செத்துச்சு. அதுக்காக நீ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவியா? நாங்க விளையாட்டுக்குத்தான்யா சொன்னோம்."

"தெரியும்."

"தெரிஞ்சா அப்புறம் என்ன?"

"விளையாட்டுக்குச் சொன்னா காதுல விழாதா?"

நீல் கொண்டுவந்த விஸ்கி புட்டியைத் திறக்காமலே மேசையில் வைத்துவிட்டுப் போனாராம். லெயிட்லா திங்கட்கிழமை எழுதினார்.

இப்போது நகரத்திலிருந்து வருகிறது. சூப் முடிவதற்கு முன்பே என் கணினியில் இரண்டு வரி. ஆரிக் தடம் இயங்கும், அல்லது இயங்காது. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை தப்பாகவும் இருந்தது. ஒரு தடவை பிள்ளைகள் பனி வீடுகளில் தங்கிய இரவு முழுக்க நட்சத்திரங்கள். பண்ணைக்காரர்கள் திட்டினார்கள். ஆனால் திட்டு யார்மேலும் போய் உட்காரவில்லை. கசாப்புக் கடைக்காரர் கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆள் எதிரே நிற்காமல் கிண்டல் செய்து என்ன பயன்?

ஆர்ச்சி முன்னைவிட அதிகம் நடக்கிறான். பார்த்து முடிவு செய்ய ஒன்றும் இல்லை, ஆனாலும் கூடத்துக்குப் பின்னால் போகிறான். பிறகு என் அறைக்கு வந்து மேசையைச் சுற்றி என் பக்கம் நின்று திரையைப் படிக்கிறான். நான் வாயால் சொன்னால் போதாது. நேற்று தூறல்பனி. இயங்கும் என்று வந்திருந்தது. அவன் குனிந்து அந்த இரண்டு வரியையும் படித்தான், அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தையும் பார்த்தான்.

"யார் அனுப்பினதுன்னு போடலயே."

"போட மாட்டாங்க."

"பேரே கிடையாதா?"

"ஆபீஸ் பேரு இருக்கு, பாரு. ஆளு பேரு இல்ல."

நிமிர்ந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"குடுத்து வச்சவன்" என்றான். இஞ்சினைச் சூடுபடுத்த வெளியே போனான்.